தவக்கால வாசிப்பு: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் திருநீற்றுப் புதன் நெருங்கினால் எதை விடுவது என்ற யோசனை எல்லாருக்கும் வந்துவிடும். இறைச்சியா, இனிப்பா, தொடர்நாடகமா, கைப்பேசியா என்று எண்ணிப் பார்த்து ஒரு முடிவுக்கும் வந்துவிடுவோம். எதை வாசிப்பது என்ற கேள்விக்கு மட்டும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. காலையில் யாராவது அனுப்பும் ‘இன்றைய சிந்தனை’யைப் பார்த்துக்கொண்டால் போதும், அல்லது சென்ற ஆண்டு வாங்கிய தவக்காலக் கையேட்டைத் தூசு தட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறோம். இரண்டாம் வாரத்தில் அது நின்றுபோகும். நின்றதுகூடத் தெரியாமல் குருத்து ஞாயிறு வந்துவிடும்.

நாற்பது நாள் என்று சொன்னாலும், திருநீற்றுப் புதனிலிருந்து புனித சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். அவற்றில் ஞாயிறு 6. ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் அந்த ஆறையும் கழித்துத்தான் 40 என்கிறோம். திருவழிபாட்டுக் கணக்கிலோ தவக்காலம் பெரிய வியாழன் மாலை, ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் அது ஏறத்தாழ ஆறு வாரத்துக்குமேல் தாங்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கு. முதல் மூன்று நாள் உற்சாகத்துக்கு எந்த வழியும் பொருந்தும். நான்காம் வாரத்துச் சலிப்பில்தான் வித்தியாசம் தெரியவரும்.

இதில் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எந்தப் பகுதியை வாசிப்பது என்பது ஒன்று. வாசித்த பிறகு என்ன செய்வது என்பது மற்றொன்று. “இந்தத் தவக்காலத்தில் லெக்சியோ திவினா (மெதுவாக வாசித்துச் செபிக்கும் முறை) செய்யப்போகிறேன்” என்பவர் இரண்டாவதற்கு மட்டும் பதில் வைத்திருக்கிறார். “மாற்கு நற்செய்தியை முழுக்க வாசிக்கப்போகிறேன்” என்பவர் முதலாவதற்கு. இரண்டுக்கும் பதில் இருந்தால்தான், தூக்கக் கலக்கமான ஒரு வியாழக்கிழமை காலையில் விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே போவது என்று விழிக்காமல் இருக்கலாம்.

எந்தப் பகுதி?

திருப்பலிக்குக் குறிக்கப்பட்ட அன்றாட வாசகங்களே என் முதல் தேர்வு. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பொதுக்காலத்தில் வாரநாள்களின் முதல் வாசகம் இரண்டாண்டுச் சுழற்சியில் மாறும். தவக்காலத்து வாரநாள்களில் அந்த மாற்றம் இல்லை, ஆண்டுதோறும் அதே வாசகங்கள்தாம். ஞாயிறுகளுக்கு மட்டுமே மூன்றாண்டுச் சுழற்சி. ஆகவே முதல் வாரத் திங்களன்று எழுதி வைத்த குறிப்பு அடுத்த தவக்காலத்தின் முதல் வாரத் திங்களுக்கும் உதவும். ஒரே நோட்டைப் பல ஆண்டுகள் வைத்துக்கொண்டால், போன ஆண்டு எந்த வசனத்தில் இடறினோம், இந்த ஆண்டு அதே இடத்தில் எப்படி நிற்கிறோம் என்பது கண்முன் தெரியும். ஆன்மிக வளர்ச்சி என்று நாம் மேலோட்டமாகச் சொல்வதை ஓரளவாவது சரிபார்க்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது.

அடுத்தது, இந்த வாசகங்கள் கோர்க்கப்பட்டிருக்கும் விதம். முதல் மூன்று வாரங்களில் பழைய ஏற்பாட்டு வாசகமும் நற்செய்தியும் ஒன்றையொன்று பார்த்தபடி அமைந்திருக்கும். முதல் வாரத் திங்களில் லேவியர் 19 வரும். லேவியர் என்றாலே பலி விதிகள் என்று புரட்டிப் போகிறவர்களுக்கு அது ஓர் ஆச்சரியம். காது கேளாதவரைச் சபிக்காதே, பார்வையற்றவர்முன் இடறலை வைக்காதே, கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திராதே என்று போகும் சட்டங்கள் அவை. அதே நாளின் நற்செய்தி மத்தேயு 25, பசியாய் இருந்தவருக்கு உணவு கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் பிரிக்கப்படும் இறுதித் தீர்ப்பு. இரண்டாம் வார வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவில் வரும் யோசேப்பைப் பார்த்து, வாருங்கள், இவனைக் கொல்வோம் என்று அண்ணன்மார் பேசிக்கொள்கிறார்கள், கடைசியில் இருபது வெள்ளிக்காசுக்கு அவரை விற்கிறார்கள். நற்செய்தியில் திராட்சைத் தோட்டத்துக் குத்தகைக்காரர்கள் தோட்ட உரிமையாளரின் மகனைக் கண்டதும் அதையே சொல்கிறார்கள். இரண்டு பகுதிகளையும் தனித்தனியாக எத்தனையோ முறை கேட்டிருப்போம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போதுதான் அந்த ஒரே வாக்கியம் காதில் விழுகிறது. மூன்றாம் வாரத் திங்களில், தொழுநோய் நீங்கப்பெற்ற சிரியப் படைத்தலைவர் நாமானின் கதையும், நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு அதே நாமானைச் சொல்லி ஊராரின் கோபத்துக்கு ஆளாவதும் இணைந்து வரும்.

நான்காம் வாரத் திங்களிலிருந்து வேறு கதி. வாரநாள்களில் யோவான் நற்செய்தி ஏறத்தாழ தொடராக வரத் தொடங்கும். 4, 5, 7, 8, 10, 11 என்று அதிகாரங்கள் நகர நகர, வாதமும் எதிர்வாதமும் கூடிக்கொண்டே போகும், கடைசியில் கல்லெறியக் கல்லை எடுக்கிறார்கள். பலரும் கைவிடுவது இங்கேதான். கதைகள் குறைந்து உரையாடல்கள் மிகுவதால், “ஒன்றும் புரியவில்லை” என்ற அலுப்பு வரும். அந்த நாள்களில் முதல் வாசகத்தின் வழியாக உள்ளே போவது நல்லது. ஐந்தாம் வார வியாழனில் ஆபிரகாமோடு கடவுள் செய்யும் உடன்படிக்கையை (தொடக்கநூல் 17) வாசித்துவிட்டுப் போனால், ஆபிரகாம் பிறப்பதற்கு முன்பே நான் இருக்கிறேன் என்று இயேசு சொல்வது எவ்வளவு பெரிய பேச்சு, கேட்டவர்கள் ஏன் கொதித்தார்கள் என்பது விளங்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படும் காரணம் ஒன்று உண்டு. இந்த வாசகங்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. நம் விருப்பத்துக்கு விட்டால் நாம் எங்கே போவோம் என்பது நமக்கே தெரியும்: ஆண்டவரே என் ஆயர், அஞ்சாதே நான் உன்னோடு இருக்கிறேன், சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே என்னிடம் வாருங்கள். எல்லாம் அருமையான பகுதிகள்தாம். ஆனால் பேச்சை நிறுத்திவிட்ட உடன்பிறப்பை வைத்துக்கொண்டிருப்பவர், மூன்றாம் வாரச் செவ்வாயன்று வரும் மன்னிக்காத பணியாளன் உவமையைத் தாமாகத் தேடிப் போவாரா? மனமாற்றத்துக்கென்று ஒரு காலத்தை ஒதுக்கிவிட்டு, மனத்துக்கு இதமானதை மட்டும் பொறுக்கி வாசிப்பதில் ஏதோ முரண் இருக்கிறது. எந்த வழியையும் ஒப்பிட நான் கேட்கும் முதல் கேள்வி இதனால்தான்: வசனத்தைத் தேர்ந்தெடுப்பது யார்?

இதே கேள்வியால்தான் தலைப்பு வாரியாக நாமே தயாரித்துக்கொள்ளும் பட்டியல்களை நான் பின்னுக்குத் தள்ளுகிறேன். ‘நம்பிக்கை பற்றி 40 வசனங்கள்’, ‘கவலை நீக்கும் 40 வசனங்கள்’ போன்றவை ஆறுதல் தரும். ஆண்டின் மற்ற மாதங்களுக்கு அவை இருக்கட்டும்.

அன்றாட வாசகங்களுக்கும் குறை உண்டு. ஒரு நாள் யோனா, மறுநாள் எஸ்தர், அதற்கடுத்த நாள் எசேக்கியேல் என்று தாவுவதால், பழைய ஏற்பாட்டோடு பழக்கமில்லாதவருக்கு நடுவில் எங்கோ இறக்கிவிட்டதுபோல இருக்கும். மார்ச் 19 புனித யோசேப்பு பெருவிழாவும் மார்ச் 25 ஆண்டவருடைய பிறப்பின் அறிவிப்புப் பெருவிழாவும் பெரும்பாலும் தவக்காலத்துக்குள் விழும், அன்று வாசகங்கள் மாறும். நாளுக்கு ஒரு முழு நற்செய்திப் பகுதி என்பது கால்மணி நேரம் மட்டுமே ஒதுக்க முடிந்தவருக்குக் கூடுதல்தான்.

அப்படிப்பட்டவருக்கு அதிகம் பேசப்படாத ஒரு மாற்று இருக்கிறது: வரப்போகும் ஞாயிற்றின் நற்செய்தியை மட்டும் வாரம் முழுவதும் வைத்துக்கொள்வது. ஆறு வாரம், ஆறு பகுதிகள். முதல் ஞாயிறு எப்போதும் பாலைநிலச் சோதனை, இரண்டாம் ஞாயிறு எப்போதும் இயேசுவின் தோற்றமாற்றம். மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆண்டு எண்ணை 3-ஆல் வகுத்து மீதி 1 வந்தால் அது மூன்றாண்டுச் சுழற்சியின் முதல் ஆண்டு. அந்த ஆண்டில் சமாரியப் பெண் (யோவான் 4), பிறவியிலேயே பார்வையற்றவர் (யோவான் 9), இலாசர் (யோவான் 11) என்று மூன்று நீண்ட பகுதிகள் வரும். திருமுழுக்குக்கு ஆயத்தமாவோரைப் பழங்காலத்திலிருந்து வழிநடத்திவந்த வாசகங்கள் இவை. அதனால் மற்ற ஆண்டுகளிலும் இவற்றைப் பயன்படுத்தத் திருச்சபை இடம் கொடுக்கிறது. தவக்காலத்துக்கு இரட்டைப் பண்பு உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றிய கொள்கை விளக்கத்தில் சொன்னது: ஒன்று திருமுழுக்கை நினைவுகூர்வது அல்லது அதற்கு ஆயத்தமாவது, மற்றொன்று தவம். நாம் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு முதலாவதை மறந்துவிட்டோம். சாம்பல் நினைவிருக்கிறது, தண்ணீர் நினைவில்லை.

ஒரே பகுதியை ஒரு வாரம் வாசித்தால் சலிக்காதா என்றால், யோவான் 9-ஐ எடுத்துப் பாருங்கள். 41 வசனங்கள். முதல் இரண்டு நாள் கதை மட்டும் தெரியும். பிறகு பார்வை பெற்றவரின் வாய்மொழி மாறிக்கொண்டே வருவது கண்ணில் படும். முதலில் ‘இயேசு எனப்படும் மனிதர்’ என்கிறார். பிறகு ‘அவர் இறைவாக்கினர்’. அதன்பின் கடவுளிடமிருந்து வராதவர் இப்படிச் செய்ய முடியுமா என்று எதிர்க்கேள்வி. முடிவில் ‘ஆண்டவரே, நம்பிக்கை கொள்கிறேன்’ என்று வணங்குகிறார். விசாரணையில் நெருக்க நெருக்க அவர் பார்வை தெளிகிறது, விசாரிப்பவர்களோ இருட்டுக்குள் போகிறார்கள். ஒருமுறை மட்டும் கேட்கும் காதுக்கு இது எட்டாது. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கும், வேலை நேரம் மாறிமாறி வருபவருக்கும் அன்றாட வாசகங்களைவிட இதையே பரிந்துரைப்பேன். ஒரு நாள் தவறினாலும் தொடர்ச்சி அறுந்துபோகாது.

மூன்றாவது வழி ஒரு நூலை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பது. இதற்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) எழுதிய துறவற ஒழுங்கின் 48-ஆம் அதிகாரம், தவக்காலத்தில் ஒவ்வொரு துறவியும் நூலகத்திலிருந்து ஒரு நூலைப் பெற்று, வரிசை மாறாமல் முழுவதும் வாசிக்க வேண்டும் என்கிறது. அங்கங்கே புரட்டிப் பார்ப்பதற்கு இடமில்லை. வாசிப்பு நேரத்தில் யாராவது சும்மா இருக்கிறார்களா, வீண்பேச்சு பேசுகிறார்களா என்று பார்க்க மூத்தவர் ஒருவரோ இருவரோ சுற்றிவர வேண்டும் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. கவனச்சிதறல் கைப்பேசியோடு பிறந்ததல்ல.

முழு நூல் என்றால் மாற்குதான் கச்சிதம். 16 அதிகாரங்கள், 40 நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு ஏறத்தாழ 17 வசனங்கள். தொடராக வாசிக்கும்போது மட்டும் தெரியும் அமைப்பு அதில் உண்டு. 8, 9, 10-ஆம் அதிகாரங்களில் மூன்று முறை இயேசு தம் பாடுகளை முன்னறிவிக்கிறார். மூன்று முறையும் சீடர்களுக்கு அது ஏறவில்லை. ஒருமுறை பேதுரு தடுக்கிறார், ஒருமுறை யார் பெரியவர் என்று வாதாடுகிறார்கள், ஒருமுறை யாக்கோபும் யோவானும் வலப்புற இடப்புற இருக்கைகளைக் கேட்கிறார்கள். உடனே அடுத்து, எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயு கூப்பிடுகிறார், பார்வை பெற்று இயேசுவைப் பின்தொடர்கிறார். துண்டு துண்டாகக் கேட்டுப் பழகிய நமக்கு இந்த அடுக்கு புதிது. பல ஆண்டுகளாக அன்றாடத் திருப்பலிக்குப் போய், வாசகங்கள் மனப்பாடமாகிவிட்டவர்களுக்கு இந்த வழி புத்துயிர் தரும்.

நான்கு நற்செய்திகளையும் சேர்த்தால் 89 அதிகாரங்கள். நாளுக்கு இரண்டு வீதம் 46 நாளுக்குள் முடித்துவிடலாம். முடியும் என்பது உண்மை. ஆனால் பத்தாம் நாளிலிருந்து வாசிப்பவரின் கண் வசனத்தைவிட மீதமுள்ள அதிகாரங்களின் எண்ணிக்கையில்தான் இருக்கும். தவக்காலத்துக்கு இது வேண்டாம்.

திருப்பாடல்கள் தனிவகை. 6, 32, 38, 51, 102, 130, 143 ஆகிய ஏழும் மனவருத்தத் திருப்பாடல்கள் என்று வழிவழியாக அழைக்கப்படுகின்றன. ஏழு பாடல், வாரத்துக்கு ஏழு நாள். இதைவிட எளிய திட்டம் இருக்க முடியாது. துக்கத்தில் இருப்பவர், நோயாளியைக் கவனித்துக்கொள்பவர், மனம் சோர்ந்து எதையும் யோசிக்கத் திராணியில்லாதவர் ஆகியோருக்கு நான் சொல்வது இதைத்தான். சிந்தனை செய்ய முடியாத நேரத்தில் வேறொருவரின் சொற்களைக் கடன் வாங்கிச் செபிப்பதில் குறைவில்லை. 130-ஆம் பாடல் எட்டே வசனம். ஆழத்திலிருந்து கூப்பிடுகிறேன் என்று தொடங்குவதை அப்படியே சொல்லிவிட்டுப் படுத்தால் அன்றைய கடன் தீர்ந்தது. திருப்புகழ்மாலை என்னும் திருச்சபையின் வேளைச் செபத்தைச் செபிக்கத் தெரிந்தவருக்கு இது இன்னும் சுலபம். வெள்ளிதோறும் காலைப் புகழில் 51-ஆம் பாடல் தானாகவே வந்துவிடும். திருப்புகழ்மாலையின் வாசகப் பகுதியில் விடுதலைப் பயண நூலும் பிறகு எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகமும் தவக்காலம் நெடுகத் தொடரும். அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ளத் தவக்காலம் ஏற்ற நேரமல்ல. பக்கம் தேடுவதிலேயே பாதி மனம் போய்விடும்.

வாசித்த பிறகு?

பகுதி முடிவானதும் முறை. இங்கே உண்மையான போட்டி மூன்று பழக்கங்களுக்கு இடையே.

லெக்சியோ திவினா என்னும் இறைவாசிப்பை நான்கு படிகளாகச் சொன்னவர் 12-ஆம் நூற்றாண்டின் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ: வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் அமைதல். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010-இல் வெளியிட்ட ஊக்கவுரையில், இது செயலில் முடியாவிட்டால் நிறைவு பெறாது என்று சேர்த்துச் சொன்னார். நடைமுறையில் இது மெதுவான, சொல்லைச் சுற்றும் முறை. பகுதியை இரண்டு மூன்று முறை வாசித்து, நெஞ்சில் தைக்கும் ஒரு சொல்லிலோ தொடரிலோ நின்றுவிட வேண்டும். பவுலின் திருமுகங்கள், இறைவாக்கினர் நூல்கள், யோவான் நற்செய்தியின் உரையாடல்கள் ஆகியவற்றுக்கு இது நன்றாகப் பொருந்தும். பத்து வசனத்துக்கு மேல் எடுத்தால் மூச்சு முட்டும்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் முறை காட்சியைச் சுற்றுவது. இடத்தை மனக்கண்முன் கொண்டுவந்து, அங்கே இருப்பவர்களைப் பார்த்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, அவர்கள் செய்வதைக் கவனித்து, கடைசியில் ஒரு நண்பரோடு பேசுவதுபோல் ஆண்டவரோடு பேசி முடிப்பது. 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நான்கு ‘வாரங்களாக’ அமைந்தவை: பாவமும் இரக்கமும், இயேசுவின் வாழ்வு, பாடுகள், உயிர்ப்பு. முழுப் பயிற்சியைத் துணையின்றி வீட்டில் செய்ய முயல வேண்டாம், அதற்கு வழிகாட்டி தேவை. அதன் தியான முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சமாரியப் பெண் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடுவது, நாமான் முணுமுணுத்துக்கொண்டே யோர்தானில் மூழ்கி எழுவது போன்ற நிகழ்ச்சிகளுக்கு இதற்கு இணை கிடையாது. யோவான் 8-இன் வாதங்களுக்கு இது அவ்வளவாக உதவாது. கற்பனையே வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வராததைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை, லெக்சியோவுக்குப் போகலாம்.

இந்த இரண்டில் எது சிறந்தது என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. பகுதியின் தன்மையைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். இஞ்ஞாசியாரிடமிருந்து ஒன்றை மட்டும் எந்த முறைக்காரரும் கடன் வாங்கலாம்: திரும்பச் செய்தல். எந்த இடத்தில் மனம் இளகியதோ, எந்த இடத்தில் மரத்தது அல்லது முரண்டு பிடித்ததோ, அந்த இடத்துக்கே திரும்பிப் போவது. அதிகம் அறிந்துகொள்வது ஆன்மாவை நிறைவாக்குவதில்லை, உள்ளுக்குள் உணர்ந்து சுவைப்பதே நிறைவாக்கும் என்பது பயிற்சிகளின் தொடக்கக் குறிப்புகளில் அவர் சொல்வது. சனிக்கிழமையில் புதிய வாசகத்தைத் தொடாமல், அந்த வாரத்தில் உறுத்திய ஒன்றுக்குத் திரும்புவது நல்ல ஏற்பாடு. எரிச்சல் மூட்டிய பகுதி இருந்தால் அதற்கே முதலிடம்.

மூன்றாவது பழக்கம் பிறர் எழுதிய சிந்தனையை வாசிப்பது அல்லது காணொளியில் கேட்பது. நம்மில் பெரும்பாலோர் செய்வது இதுதான் என்பதால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சிந்தனையை வாசிப்பது வேறு, சிந்திப்பது வேறு. நல்ல மறையுரையாளர் ஒருவர் மூன்று நிமிடத்தில் வசனத்தின் பின்னணி, ஒரு கதை, ஒரு கேள்வி எல்லாம் தந்துவிடுகிறார். நமக்கு மனநிறைவும் வந்துவிடுகிறது. அன்று மாலை அந்தக் கதை நினைவிருக்கும், நற்செய்தி எதுவென்று கேட்டால் தடுமாறுவோம். வசனத்துக்கும் நமக்கும் நடுவே வேறொருவரின் அனுபவம் உட்கார்ந்துகொள்கிறது. அவருக்குத் தைத்த இடம் நமக்குத் தைக்க வேண்டிய இடமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

அதற்காக அவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. விவிலியத்துக்குப் புதியவர் பின்னணி தெரியாமல் தனியாகத் திணறுவார். நம் சொந்த வாசிப்பு எங்கோ தடம்புரளும்போது திருச்சபையின் புரிதலுக்குள் நம்மைத் திரும்ப அழைத்துவர ஒரு நல்ல விளக்கவுரை தேவைதான். நான் கேட்பதெல்லாம் வரிசையை மாற்றுவது: முதலில் வசனம், பிறகு அமைதி, பிறகே மற்றவரின் சிந்தனை. காலையில் வசனம், மாலையில் காணொளி என்று பிரித்துவிட்டால் இது தானே அமைந்துவிடும். இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். உன் உள்ளறைக்குச் சென்று கதவை அடைத்துக்கொண்டு மறைவாய் உள்ள தந்தையிடம் வேண்டு என்று திருநீற்றுப் புதன் நற்செய்தி சொல்கிறது. அதை வாசித்த கையோடு அன்றைய தியானக் குறிப்பை நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கிறோம்.

சிலுவைப்பாதையை எங்கே வைப்பது?

இந்தப் பட்டியலில் சிலுவைப்பாதையைச் சேர்க்காவிட்டால் பலர் கேட்பார்கள். அன்றாட வாசிப்புக்கு மாற்றாக நான் அதை வைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குரிய துணையாக வைப்பேன். 1731-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் 14 நிலைகள் என்று உறுதி செய்த வடிவமே நமக்குப் பழக்கம். அதில் இயேசு மூன்று முறை விழுவது, தாயைச் சந்திப்பது, வெரோணிக்கா முகம் துடைப்பது ஆகியவை நற்செய்திகளில் நேரடியாக இல்லாதவை, பக்தி மரபு பாதுகாத்துத் தந்தவை. இறைவார்த்தையோடு ஒட்டிப் போக விரும்புவோர், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991 பெரிய வெள்ளியன்று பயன்படுத்திய வடிவத்தை எடுக்கலாம். கெத்சமனியில் தொடங்கி, 14 நிலைகளும் நற்செய்திகளிலிருந்தே அமைந்தவை. உட்கார்ந்து வாசிக்க முடியாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் எழுந்து, நடந்து, முழந்தாளிட்டுச் செபிக்கும் இந்த வழி எந்தப் புத்தகத்தையும்விட நன்றாகப் பேசும்.

முடிவெடுக்கும்போது

இப்படிச் சொல்வேன். இதுவரை ஒழுங்காக எதையும் வாசித்துப் பழகாதவர் ஞாயிறு நற்செய்தியை ஒரு வாரம் வைத்துக்கொள்ளட்டும். பழக்கமுள்ளவர், நாளுக்கு அரைமணி கொடுக்க முடிந்தவர், அன்றாட வாசகங்களை எடுக்கட்டும்; அதிலும் இரண்டு வாசகங்களுக்கும் ஒரே எடை கொடுக்காமல் எது இழுக்கிறதோ அதில் நிற்கட்டும். வாசகங்கள் பழகி மங்கிப்போனவருக்கு மாற்கு. சோர்ந்தவருக்குத் திருப்பாடல். திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவரும் அவருக்குத் துணை நிற்பவரும் யோவான் 4, 9, 11 மூன்றையும் எந்த ஆண்டானாலும் விடக் கூடாது.

ஒரு வகையினருக்கு மட்டும் எச்சரிக்கை. செய்யாததையும் பாவமாக எண்ணி, அறிக்கையிட்டதையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டு, மன்னிக்கப்பட்டேனா என்று ஓயாமல் ஐயப்படும் மனம் சிலருக்கு உண்டு. அவர்கள் தவக்காலத்தில் கடுமையான வசனங்களையும் நீண்ட ஆன்மச் சோதனையையும் தாமாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது. மேலே நான் சொன்ன ‘உறுத்தும் பகுதிக்குத் திரும்புங்கள்’ என்பதும் அவர்களுக்கு இல்லை. வழக்கமாக ஒப்புரவு பெறும் அருள்பணியாளரிடம் கேட்டு, அவர் சொல்வதை மட்டும் செய்வதே பாதுகாப்பு. அவர்களுக்கு லூக்கா 15-இல் திரும்பிவரும் மகனை நோக்கித் தந்தை ஓடிவரும் காட்சி முழுத் தவக்காலத்துக்கும் போதும்.

மற்றவர்களும் தேர்ந்ததை யாரிடமாவது சொல்லி வைப்பது நல்லது. ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு 49-ஆம் அதிகாரத்தில், தவக்காலத்தில் தான் எதைக் கூடுதலாக ஒப்புக்கொடுக்கிறேன் என்பதை ஒவ்வொரு துறவியும் மடத்து அதிபரிடம் சொல்லி அனுமதி பெற வேண்டும் என்கிறது. அனுமதியின்றிச் செய்தது வீண்பெருமையின் கணக்கில் போகுமாம். நமக்கு அதிபர் இல்லை. கணவனோ மனைவியோ நண்பரோ பங்குத்தந்தையோ இருக்கிறார்கள். அளவுக்கு மீறித் திட்டம் போட்டிருந்தால் அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

நடுவில் மாற்றலாமா என்ற கேள்வி நான்காம் வாரத்தில் வரும். மன வறட்சியில் இருக்கும்போது, முன்பு தெளிவாக இருந்த நேரத்தில் எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. அவர் இன்னும் ஒரு படி மேலே போவார்: செபம் கசக்கும் நாளில் குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இரு என்பார். ஆகவே சலிப்பு மாற்றுவதற்கான காரணமல்ல. வீட்டில் நோய், வேலைமாற்றம் போன்ற சூழ்நிலை மாறினால் தாராளமாக மாற்றலாம். சில நாள்கள் விட்டுப்போனால், விட்டதையெல்லாம் சேர்த்துப் படிக்க உட்காராமல் இன்றைய நாளிலிருந்து தொடருங்கள். கடனை அடைப்பதுபோல் நான்கு நாள் வாசகங்களை ஒரே மூச்சில் முடித்தால் எதுவும் உள்ளே போகாது. மாற்குவைத் தொடராக வாசிப்பவருக்கு மட்டும் விதிவிலக்கு: விட்ட இடத்திலிருந்தே தொடரட்டும், 13-ஆம் அதிகாரத்தைத் தாண்டிவிட்டு நேராகப் பாடுகளின் வரலாற்றுக்குப் போனாலும் பழுதில்லை.

புனித வாரத்தில் எல்லா வழிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். திங்கள் முதல் புதன் வரை எசாயாவின் துன்புறும் ஊழியன் பாடல்கள் முதல் வாசகங்களாக வரும், நான்காவது பாடல் பெரிய வெள்ளிக்கு. வேறு எதை வாசித்துக்கொண்டிருந்தாலும் அந்த வாரம் இவற்றுக்கு வந்துவிடுங்கள். பெரிய வியாழன் மாலையிலிருந்து தனி வாசிப்பை நிறுத்திவிட்டுக் கோவில் வழிபாட்டில் கலந்துகொள்வதே முறை. புனித சனி இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டிலிருந்து மட்டும் ஏழு வாசகங்கள் குறிக்கப்பட்டுள்ளன. பல இடங்களில் நேரம் கருதிச் சிலவற்றை விட்டுவிடுவார்கள். செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயணம் 14-ஐ மட்டும் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. கோவிலில் விடப்படக்கூடிய மற்றவற்றைப் புனித சனி பகலில் வீட்டில் வாசித்துவிட்டுப் போனால், இரவில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எதற்காக நிற்கிறோம் என்பது தெரியும்.